கப்பல் நிறைய உணவு, சாப்பிட மறுத்த குழந்தை: 17 மாதக் குழந்தையின் கடற்பயணம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரே பெண் குழந்தை; பயணத்தின்போது வயது 17 மாதம். குழந்தையின் அம்மாவைப் பெற்ற பாட்டி கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து அவர்களோடு தங்கியிருந்தார். பாட்டி கடலில் போனதே இல்லை என்பதால் நான்கு இரவுக் கப்பல் பயணம் ஒன்றை முன்பதிவு செய்தார்கள். மரினா பே நிலையத்தில் ஏறி, இரண்டாம் நாள் பினாங்கு, மூன்றாம் நாள் புக்கெட், நான்காம் நாள் முழுவதும் கடல், ஐந்தாம் நாள் காலை மீண்டும் சிங்கப்பூர்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, குழந்தை உணவு ஆலோசனைக்காக அம்மா என்னிடம் வந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளங்களை நீக்கி இதை எழுதுகிறேன்.

குழந்தை வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறவள். காலை ஏழரைக்கு இட்லியோ தோசையோ ராகிக் கஞ்சியோ. பத்து மணிக்குப் பழம். பன்னிரண்டுக்குப் பருப்பு சாதம், காய், சில நாள் முட்டை அல்லது மீன். பிறகு இரண்டரை வரை தூக்கம். நான்கு மணிக்குப் பாலும் ஏதாவது ஒரு பலகாரமும். மாலை ஆறேகாலுக்குத் தயிர் சாதம் அல்லது இடியப்பம், எட்டு மணிக்குப் படுக்கை. இரவில் தாய்ப்பால் தொடர்ந்தது. எடை 9.6 கிலோ, வளர்ச்சிக் கோடு பிறந்ததிலிருந்து சீராகவே ஏறியிருந்தது. எந்த உணவும் ஒவ்வாமை தந்ததில்லை.

அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கப்பலில் இவளுக்கு என்ன கிடைக்கும்? என் கவலை வேறாக இருந்தது. ஆசியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் சோறு, பருப்பு, தயிர், முட்டை, வாழைப்பழம் எல்லாமே இருக்கும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து, யார் கையால் சாப்பிடப்போகிறாள் என்பதைப் பற்றித்தான் வீட்டில் யாரும் பேசியிருக்கவில்லை.

புறப்படுமுன் எடுத்த முடிவுகள்

முதலில் கப்பல் நிறுவனத்தின் விதிகளைப் படித்தோம். பெரும்பாலான கப்பல்கள் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளை ஏற்றுக்கொள்கின்றன. பல நாள் கரையே தொடாத நெடும்பயணம் என்றால் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். வயது சிக்கலில்லை. உணவு விதிகள்தான் திட்டத்தை மாற்றின. வீட்டில் சமைத்ததையோ வீட்டில் அரைத்த மாவையோ கொண்டுவரக் கூடாது. கடையில் வாங்கி உறை பிரிக்காத குழந்தை உணவுக்கு அனுமதி உண்டு. கேபினுக்குள் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், ரைஸ் குக்கர் போன்ற சூடேற்றும் மின்சாதனம் எதுவும் கூடாது. நடுக்கடலில் தீ என்பது விளையாட்டான விஷயமல்ல, அந்தக் கண்டிப்பு நியாயமானது.

பாட்டி ஊரிலிருந்து அரைத்துக் கொண்டுவந்திருந்த சத்துமாவு இதனால் வீட்டிலேயே தங்கியது. அவருக்கு மனவருத்தம். அதற்குப் பதிலாக வெந்நீர் மட்டும் ஊற்றினால் தயாராகிவிடும் பொருள்களைத் தேடினோம்: கடையில் வாங்கிய மெல்லிய அவல், உடனடி ராகிக் கஞ்சிப் பொடி, ஓட்ஸ். வெந்நீர் கப்பலின் தேநீர் மேசையிலேயே கிடைக்கும். பிளாஸ்கில் பிடித்துக்கொண்டால் போதும். பாலுக்கு 200 மில்லி டெட்ரா பேக்குகள். இவற்றோடு வயிற்றுப்போக்கில் நீரிழப்பைத் தடுக்கும் உப்பு-சர்க்கரைக் கலவையான ஓஆர்எஸ் பொட்டலங்கள், குழந்தையின் சொந்தக் கிண்ணம், கரண்டி, பாத்திரம் கழுவும் சிறு பிரஷ், சோப்பு.

இரவுச் சாப்பாட்டில் ஒரு சிக்கல் தெரிந்தது. பெரிய உணவுக் கூடத்தில் இவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது எட்டு மணிப் பந்தி. குழந்தை தூங்கும் நேரமே அதுதான். முதல் பந்திக்கு மாற்றக் கேட்டபோது இடம் நிறைந்துவிட்டது, கப்பலில் ஏறிய பிறகு கேட்டுப் பாருங்கள் என்றார்கள். குழந்தைக்கு மாலை ஆறு மணிக்கே பஃபேயில் ஊட்டிவிட்டு, பெரியவர்கள் முறைவைத்து எட்டு மணிக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தேன். அம்மா குறித்துக்கொண்டார். ஆனால் அப்பாவும் பாட்டியும் அந்தப் பேச்சில் இல்லை.

முதல் நாளில் கண்டது

துறைமுகத்தில் பெட்டிகளைச் சோதித்தபோது ஒரு பெட்டியிலிருந்து சின்னக் கெட்டில் வெளிப்பட்டது. பிள்ளைக்கு வெந்நீர் வேண்டுமே என்று பாட்டி வைத்திருந்தார். அதை வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது திருப்பித் தருவதாகச் சீட்டு கொடுத்தார்கள். நஷ்டம் ஒன்றுமில்லை, ஆனால் பாட்டி கலங்கிப்போனார். குழந்தை எதையும் சாப்பிட முடியாமல் போய்விடும் என்ற பயம் அவருக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா எழுதி வைத்த குறிப்பு இது. 12:40-க்குக் கூட்டம் நிறைந்த பஃபே. உருளைக்கிழங்கு வறுவல் சில துண்டு, ஐஸ்கிரீம் மூன்று கரண்டி, ஆரஞ்சு ஜூஸ். கேபின் தயாராகாததால் பகல் தூக்கம் இல்லை. 2:30-க்கு பிஸ்கட். 3:30-க்கு தர்பூசணியும் ஆப்பிள் ஜூஸும். ஐந்து மணிக்கு மேல்தளத்தில் கேக், மீண்டும் ஜூஸ். ஆறு மணிக்குப் பாதுகாப்புப் பயிற்சி, படம் எடுத்தல், அறை திறப்பு என்று அலைந்ததில் பஃபே தவறிவிட்டது. எட்டேகாலுக்குப் பெரிய கூடத்தில் ஒரு வாய் சோறு. அடுத்த வாய் வருவதற்குள் மேசையிலேயே தூங்கிவிட்டாள். இரவு முழுவதும் அடிக்கடி எழுந்து தாய்ப்பால் குடித்தாள். காலையில் இட்லி மாதிரி இருந்த எதையும் தொடவில்லை, முட்டையைத் துப்பினாள்.

இரண்டாம் நாள் காலை அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. “நேத்திலிருந்து ஒண்ணுமே சாப்பிடல. அம்மா அழறாங்க. திரும்பிப் போயிடலாமான்னு இவர் கேக்கறார்.”

குறிப்பை வைத்துச் செய்த கணிப்பு

கிலோவுக்குச் சுமார் 80 கலோரி என்று வைத்தால் இந்தக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 770 கலோரி வேண்டும். ஜூஸ் மட்டும் கிட்டத்தட்ட 350 மில்லி குடித்திருந்தாள். அதிலேயே 150 கலோரிக்கு மேல். வறுவல், ஐஸ்கிரீம், பிஸ்கட், கேக் ஆகியவற்றையும் இரவெல்லாம் குடித்த தாய்ப்பாலையும் சேர்த்தால், அன்றைய தேவை ஏறக்குறைய நிறைந்தேவிட்டது. “ஒண்ணுமே சாப்பிடல” என்பது வீட்டாரின் கண்ணுக்குத் தெரிந்த உண்மை. சோறு சாப்பிடாவிட்டால் சாப்பிடவில்லை என்றுதான் நம் வீடுகளில் பொருள். குழந்தையின் வயிற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஒன்று முதல் மூன்று வயது வரை ஜூஸ் நாளுக்கு 120 மில்லிக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் சொன்ன வரம்பு. கப்பலில் ஜூஸ் குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. கேட்டதும் கிடைக்கிற இடத்தில் மூன்று பெரியவர்கள் தனித்தனியே அன்பாகக் கொடுத்தால் மூன்று மடங்கு ஆகிவிடும். கொடுத்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இரண்டாவது காரணம் களைப்பு. பகல் தூக்கம் போய், இரவு உணவு இரண்டு மணி நேரம் தள்ளிப்போய், சுற்றிலும் இரைச்சலும் புது முகங்களும். இந்த வயதில் களைத்த குழந்தை மெல்லுகிற வேலையைத்தான் முதலில் கைவிடும், உறிஞ்சுவதை விடாது. தாய்ப்பாலும் ஜூஸும் போய்க்கொண்டிருந்ததும் சோறு நின்றதும் இதோடு பொருந்தின.

கடல் மயக்கமா என்று அப்பா கேட்டார். இரண்டு வயதுக்குக் கீழே அது அரிது. குழந்தை வாந்தி எடுக்கவில்லை, விளையாடினாள், டயப்பர் வழக்கம்போல் நனைந்தது. பெரியவர்களுக்காக வாங்கி வைத்திருந்த கடல் மயக்க மாத்திரையைக் குழந்தைக்குத் துளியும் கொடுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். கூடவே மூவரும் ஒன்றாக உட்கார்ந்து செய்தியைப் படிக்கும்படி கேட்டு, இந்த மாற்றங்களை எழுதினேன்.

ஜூஸ் முழுவதும் நிறுத்தம், தாகத்துக்குத் தண்ணீர். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, அவ்வளவுதான். நடைபாதையிலும் மின்தூக்கியிலும் கையில் ஒன்றும் கொடுப்பதில்லை. பகல் தூக்கத்துக்கு எந்த நிகழ்ச்சியும் குறுக்கே வரக் கூடாது. ஊட்டும் பொறுப்பு ஒரு வேளைக்கு ஒருவருக்கு மட்டும். தட்டில் என்ன வைப்பது என்பது பெரியவர் முடிவு, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் முடிவு. இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும், துரத்தி ஊட்டக் கூடாது.

கடைசி வரி பாட்டிக்குக் கஷ்டமாக இருந்தது. “பச்சைப் புள்ளைய பட்டினி போடச் சொல்றாங்களாடி?” என்று மகளிடம் கேட்டாராம். பாட்டி சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு பிடி சோற்றுக்கும் மருந்துக்கும் நடுவில்தான் குழந்தை பிழைத்தது என்ற காலத்தைப் பார்த்தவர் அவர். அதனால் அவரிடம் தடை எதையும் சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுக்கச் சொன்னேன்: நான்கு மணிச் சிற்றுண்டி முழுக்க அவர் பொறுப்பு. பிளாஸ்க் வெந்நீரில் அவலை ஊறவைத்து, வாழைப்பழம் பிசைந்து அவரே கொடுக்கட்டும். பயணத்தில் எடுத்த முடிவுகளிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான் என்பது என் எண்ணம்.

கேபின் குளிர்பெட்டியை அப்பாவிடம் சோதிக்கச் சொன்னேன். சமையல் வெப்பமானியை வைத்துப் பார்த்ததில் 11 டிகிரி காட்டியது. கெட்டுப்போகும் உணவுக்கு 5 டிகிரிக்குக் கீழே வேண்டும். அறைகளில் இருப்பவை பானத்தைக் குளிர வைக்கும் பெட்டிகள். பால் வைக்க ஏற்றவை அல்ல. திறந்த டெட்ரா பேக்கில் மிச்சம் இருந்தால் அப்போதே கொட்டிவிடுவது என்று முடிவானது.

பினாங்கும் புக்கெட்டும்

இரண்டாம் நாள் மதியம் கப்பல் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டென்ஹாம் துறையில் நின்றது. அங்கிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். குழந்தை கேபினில் தூங்கி எழுந்த பிறகே இறங்கினார்கள். குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலைப் பாட்டி பார்த்தார். பக்கத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடை. இட்லிப் பானையிலிருந்து ஆவி பறக்க எடுத்ததை மட்டும் வாங்குங்கள், மேசையில் வெகுநேரம் நின்ற தேங்காய்ச் சட்னி குழந்தைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சூடான இட்லியில் கொஞ்சம் நெய் தடவிக் கொடுத்ததும் ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. ஜூஸ் இல்லாத அரை நாளும் ஒரு நல்ல தூக்கமும் பசியைத் திரும்பக் கொண்டுவந்திருந்தன. இட்லி தெரிந்த முகம் என்பதும் உதவியது.

அன்று மாலை உணவுக் கூடத்தின் மேலாளரிடம் அப்பா பேசினார். முதல் பந்தியில் ஒரு மேசை காலியானது. அதைவிடப் பயன்பட்டது இன்னொன்று: முந்தின இரவே சொல்லிவைத்தால் உப்பும் மிளகாயும் போடாமல் வேகவைத்த பருப்பைத் தனியாகத் தருவார்கள். பஃபேயின் பருப்பும் சூப்பும் பெரியவர் நாக்குக்குச் சமைத்தவை. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் உப்பே மேல்வரம்பு என்கிறது பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை. ஒரு கிண்ணம் சூப்பிலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும்.

புக்கெட்டில் கப்பல் பாத்தோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டது. கரைக்குச் சின்னப் படகில் போக வேண்டும். வரிசை, வெயில், திரும்பும் நேரம் எதுவும் நம் கையில் இல்லை. பன்னிரண்டு மணிச் சாப்பாடும் தூக்கமும் நிச்சயம் அடிபடும். கப்பலில் சமைத்ததையும் பழத்தையும் கரைக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. அதனால் அம்மாவும் குழந்தையும் கப்பலிலேயே இருந்தார்கள். அப்பா பாட்டியைக் கூட்டிப்போனார். எல்லோரும் கரைக்குப் போய்விட்டதால் பகல் பஃபே வெறிச்சோடிக் கிடந்தது. சன்னலோர மேசை, துடைத்த பேபி சேர், அவசரமில்லாத பரிமாறுநர். பருப்பு சாதம், வேகவைத்த கேரட், தயிர், முழு முட்டையின் மஞ்சள் கரு. வீட்டில் சாப்பிடும் அளவே சாப்பிட்டாள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் கொடுத்தார் அம்மா. முழுத் திராட்சையும் தொத்திறைச்சித் துண்டும் பாப்கார்னும் இந்த வயதில் மூச்சுக்குழாயை அடைத்துவிடும், பஃபேயில் மூன்றும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும்.

நான்காம் நாள்: வயிற்றுப்போக்கு

மூன்றாம் நாள் பின்னிரவில் தொடங்கி விடிவதற்குள் நான்கு முறை தண்ணீராகப் போனது. ஒரு வாந்தி. காய்ச்சல் 38.1 டிகிரி.

குடும்பத்தில் எழுந்த முதல் பேச்சு, கப்பல் மருத்துவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது. சொன்னால் கேபினை விட்டு வெளியே விடமாட்டார்கள், கட்டணமும் உண்டு. சொல்லியே ஆக வேண்டும் என்றேன். ஆயிரக்கணக்கானோர் ஒரே உணவுக் கூடத்தைப் பகிரும் இடம் அது; வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ் கிருமி மிகச் சில துகள்களிலேயே தொற்றிவிடும். பக்கத்து மேசையிலும் ஒரு கைக்குழந்தை இருக்கும், எண்பது வயதுத் தாத்தா இருப்பார். அம்மா உடனே ஒத்துக்கொண்டார். மருத்துவர் பார்த்து நீரிழப்பு இல்லை என்று உறுதி செய்து, அறிகுறி நின்று 24 மணி நேரம் ஆகும் வரை கேபினில் இருக்கச் சொன்னார்.

ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாக. தாய்ப்பால் கேட்கும்போதெல்லாம். சாப்பாட்டை நிறுத்தவில்லை, அறைக்கே வரவழைத்த வெறும் சோறு, தயிர், வாழைப்பழம். வயிற்றைக் கட்டும் மாத்திரை கூடவே கூடாது. சிறு குழந்தைகளுக்கு அது ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் துத்தநாக மருந்தைக் கப்பல் மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில் தொடங்கினார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் டயப்பர் நனையாவிட்டால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், கண் குழிந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், எழுப்ப முடியாமல் துவண்டால் உடனே மருத்துவ அறைக்கு ஓட வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். எதுவும் நேரவில்லை. மாலைக்குள் போக்கு குறைந்தது.

மலப் பரிசோதனை செய்யாததால் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. கேபினில் என்ன நடந்தது என்று அம்மாவோடு வரிசையாகப் பேசிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அறையில் இருந்தது ஒரே சின்ன மேசை. டயப்பர் மாற்றும் விரிப்பும் குழந்தையின் கிண்ணமும் அதே மேசையில்தான். கையை ஒவ்வொரு முறையும் கிருமிநாசினித் திரவத்தால் துடைத்திருந்தார்கள். ஆல்கஹால் திரவம் நோரோவைரஸுக்குப் போதாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு இருபது விநாடி தேய்த்தால்தான் போகும். கப்பல் வாசலெல்லாம் திரவப் புட்டி இருப்பதால் அதுவே போதும் என்று எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது.

விளைவு

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் இல்லாமல் இறங்கினார்கள். கெட்டிலும் திரும்பக் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து எடை 9.4 கிலோ. அது பெரும்பாலும் நீரால் வந்த குறைவு. அடுத்த சந்திப்பில் 9.7 கிலோ, வளர்ச்சிக் கோடு பழைய பாதையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு சரியாகிவிட்டது. ஜூஸ் கேட்டு அழுவது மட்டும் ஒரு வாரம் நீடித்தது. வீட்டில் ஜூஸே வாங்காததால் அதுவும் ஓய்ந்தது. பெரியவர்கள் யாருக்கும் நோய் தொற்றவில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

முன்பதிவின்போதே முதல் பந்தியைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். உப்பில்லாப் பருப்பு, பேபி சேர் போன்ற கோரிக்கைகளையும் அப்போதே சொல்லிவிடலாம். கப்பலில் ஏறிய முதல் மாலை மேலாளரிடம் நினைவூட்டினால் போதும்.

ஆலோசனைக்கு ஊட்டப்போகிற எல்லோரும் வர வேண்டும். இந்த நிகழ்வில் முதல் நாள் குழப்பத்தின் பெரும்பகுதி அம்மாவுக்கு மட்டும் திட்டம் தெரிந்ததால் வந்தது. பாட்டியிடம் விதிகளைக் காரணத்தோடு முன்பே பேசியிருந்தால் கெட்டில் பெட்டிக்குள் போயிருக்காது, அந்தப் பயமும் அவ்வளவு வளர்ந்திருக்காது. இப்போது வெளியூர் போகும் குடும்பங்கள் வந்தால் தாத்தா பாட்டியையும் கூட்டிவரச் சொல்கிறேன்.

ஏறும் நாளுக்குத் தனித் திட்டம் தேவை. கேபின் பிற்பகலில்தான் கிடைக்கும். வீட்டிலேயே பதினொன்றரைக்குச் சாப்பாடு கொடுத்து, தள்ளுவண்டியில் தூங்கவைத்தபடி தாமதமாக ஏறினால் முதல் நாளின் பாதிச் சிக்கல் வராது. பஃபேயில் முதல் கூட்டம் கலைந்திருக்கும்.

டயப்பர் மாற்ற மடக்கு விரிப்பைக் குளியலறைத் தரையில் போட வேண்டும். மேசை உணவுக்கு மட்டும். திரவ சோப்புப் புட்டி ஒன்று சொந்தமாக. பஃபேயில் வெட்டி வைத்த பழங்களைத் தவிர்த்து, தோலுரித்துக் கொடுக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு, அப்போதுதான் அடுப்பிலிருந்து வந்த சூடான உணவு. ஓஆர்எஸ் பொட்டலங்கள் கைப்பையில் இருக்கட்டும். சரக்குப் பெட்டி கேபின் வாசலுக்கு வந்து சேர முதல் நாள் மாலையாகிவிடும்.